மூன்று தலைமுறையை ஒன்றுசேர்த்த நாவலர் பெருமான்

பாட்டனார் அறிந்ததைப் பேரன் அறியாது விட்டால், அந்தக் குடும்பத்திலே சமயம் பாட்டனாரோடு நின்றுவிடும். கோயில் இருக்கும், கொடி ஏறும், தேரும் ஓடும். ஆயினும் வடம் பிடிப்பவனுக்குத் தான் ஏன் வடம் பிடிக்கிறான் என்பது தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்துச் சைவமக்கள் பலர் இத்தகைய நிலையிலேயே இருந்தனர். அந்நிலையை மாற்ற முன்வந்தவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். அவர் ஏடுகளைப் பரிசோதித்து அச்சிட்டார், தமிழ் வசனநடையை வளர்த்தார், பாதிரிமாரோடு வாதஞ் செய்தார் என்பவற்றை நாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். சிறுவர், வாலிபர், முதியோர் என்னும் மூவகையாரையும் ஒரே சமய அறிவிலே அவர் எவ்வாறு கூட்டிவைத்தார் என்பதை இச்சிறு கட்டுரையிலே சிந்திப்போம். இளைஞர் சங்கத்தவராகிய எங்களுக்கு அவருடைய சரித்திரத்திலே மிக வேண்டப்படும் பகுதி அதுவே.

அக்காலத்து யாழ்ப்பாணம்

யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டிலே பறங்கியர் கைப்பட்டது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்படப் பல ஆலயங்கள் இடிக்கப்பட்டன. 1658இல் வந்த ஒல்லாந்தர் காலத்திலும் சைவர்கள் வெளிப்படையாகத் தம் சமயத்தை அனுட்டிக்க இயலாதிருந்தது. விரத நாளிலே உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்துவைத்த கதையை எங்கள் ஊர் முதியோர் வழிவழியாகச் சொல்லிவருவர். ஒளித்து வைத்த சமயத்திலே செய்கை மிஞ்சும். அதன் காரணத்தை உரக்கச் சொல்லிக்கொடுக்க இடமிராது. இப்படியாக ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

ஆங்கிலேயர் 1796இல் வந்தபின் கோயில் கட்டவும் கும்பிடவும் தடை நீங்கியது. ஆனால் வேறொரு சோதனை தொடங்கியது. 1814இல் வெஸ்லியன் சங்கத்தாரும், 1816இல் அமெரிக்க மிஷனாரும் வந்து ஊர்தோறும் பள்ளிக்கூடம் வைத்தனர். 1823இல் வட்டுக்கோட்டையிலே உயர்கல்விச் சாலையொன்று தோன்றியது. அங்கே கற்பித்த கணிதமும் ஆங்கிலமும் நல்லனவே. அவற்றால் எம்மவர் அடைந்த நன்மை பெரிது. ஆனால் அங்கே படித்துவிட்டு வீடு திரும்பிய பிள்ளை, தகப்பனாரைப் பார்த்து, விபூதி எதற்கு, இலிங்கம் எதற்கு, ஒரு கடவுளா பல கடவுளா என்று கேட்டான். தகப்பனாருக்கோ விபூதி பூசத் தெரியும். விடை சொல்லத் தெரியாது. சினந்தார் அல்லது மௌனமானார். அந்த மௌனத்திலேதான் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன.

பிறப்பும் கல்வியும்

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய புதல்வராக அவதரித்தார். பிள்ளைத் திருநாமம் ஆறுமுகம். ஒன்பது வயதிலே தந்தையாரை இழந்தார். தந்தையார் பாடி முற்றுப்பெறாது கிடந்த நாடகமொன்றை அச்சிறுவரே பாடி முடித்தார் என்று அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர். மூத்தோர் விட்ட இடத்திலிருந்து தொடங்குதல் என்பது அவருக்குச் சிறு வயதிலேயே வாய்த்தது.

சரவணமுத்துப் புலவரிடமும், இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெஸ்லியன் பாடசாலையிலே ஆங்கிலம் படித்தார். அப்பாடசாலையின் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் இவருடைய திறமையைக் கண்டு அங்கேயே ஆசிரியராக வைத்துக்கொண்டார். பைபிளைத் தமிழிலே மொழிபெயர்க்கும் வேலையிலும் இவர் பாதிரியாருக்குப் பல ஆண்டுகள் துணைநின்றார். சைவராக இருந்துகொண்டே அவ்வேலையைச் செய்தார். வேலையைச் செய்துகொண்டே பாதிரிமாரின் முறைகளை உற்றுநோக்கினார். அவர்கள் வாரந்தோறும் பிரசங்கிக்கின்றனர். பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கின்றனர். சிறு புத்தகங்களை அச்சிட்டு வீடுவீடாகக் கொடுக்கின்றனர். பெரியவரையும் பிள்ளையையும் வீட்டாரையும் ஒரே வேளையிலே பிடிக்கும் வலை அது என்பதை அவர் அறிந்தார். சைவர்களுக்கும் அம்மூன்றும் வேண்டும் என்று துணிந்தார்.

இருபத்தைந்து வயதிலே பிரசங்கம்

1847ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன்கோயில் வசந்தமண்டபத்திலே ஆறுமுகம் அவர்கள் தம்முடைய முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது நிரம்பி இரண்டு கிழமையும் ஆகவில்லை. வயதிலே மூத்தவர்களும் கோயிற் கருமங்களிலே பழகியவர்களும் கீழே இருந்து கேட்க, ஒரு வாலிபர் எழுந்து சமயம் சொல்வது அன்றைய வழக்கத்திலே புதுமை. அந்தப் புதுமையைப் பெரியோர் பொறுத்துக்கொண்டனர். வாலிபரும் பெரியோரை இகழவில்லை. அவர்கள் கைவிடாது காத்துவந்த ஆசாரங்களுக்கு நூலிலிருந்து காரணங் காட்டினார். அதனாலே கிழவர்கள் தாங்கள் செய்துவந்ததன் பொருளைக் கண்டு மகிழ்ந்தார்கள்; இளைஞர்கள் தாங்கள் கேட்ட கேள்விக்கு விடை கண்டு அடங்கினார்கள்.

அன்றுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடைபெற்றது. நண்பரான நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் உடன்நின்று பிரசங்கித்தார். கடவுள் ஒருவரே என்பது, சிவலிங்க வழிபாடு, தீட்சை ஆகியவற்றோடு, கொல்லாமை, மதுவிலக்கு, தானம், குடும்ப ஒழுக்கம் என்பனவும் பொருளாக அமைந்தன. தத்துவத்தை மாத்திரம் பேசியிருந்தால் முதியவர் சிலரே வந்திருப்பர். விதிவிலக்குகளை மாத்திரம் பேசியிருந்தால் இளைஞர் எழுந்து போயிருப்பர். இரண்டையும் கலந்து, எளிய செந்தமிழிலே சொன்னபடியால் கூட்டம் நிலைத்தது. கேட்டவர்களிற் பலர் மதுவையும் மாமிசத்தையும் விட்டொழித்தார்கள் என்று சரித்திரகாரர் எழுதியுள்ளனர்.

பள்ளிக்கூடமும் பாலபாடமும்

அடுத்த ஆண்டு, 1848இலே, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. அவ்வாண்டிலேயே அவர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலை உத்தியோகத்தை விட்டு விலகினார். தமையன்மார் அரசாங்க உத்தியோகத்திலிருக்க, தமக்குக் கிடைத்த வேதனத்தைத் தாமே துறந்து, ஊதியமின்றிக் கற்பிக்கும் வேலையை அவர் மேற்கொண்டார். இல்லறத்தையும் விரும்பாது வாழ்நாள் முழுவதும் பிரமசாரியாகவே இருந்தார். வித்தியாசாலை நீண்டகாலம் அரசாங்கத்தின் உதவியைப் பெறவில்லை. சைவ அன்பர்களின் பொருளும் அவருடைய உழைப்புமே அதனைத் தாங்கின.

பள்ளிக்கூடம் வைத்தவுடன் பாடப்புத்தகம் இல்லாத குறை தோன்றியது. அதனைத் தீர்க்கவே பாலபாடங்களை இயற்றினார். முதற் பாலபாடம் எழுத்துக்களிலிருந்து புறப்பட்டுச் சிறுசிறு வாக்கியங்களாற் செல்லும். நான்காம் பாலபாடத்துக்கு வரும்போது கடவுள், ஆன்மா, வழிபாடு, ஈகை, கள்ளுண்ணாமை முதலிய பொருள்களிலே வளர்ந்தோரும் ஆழ்ந்து படிக்கத்தக்க கட்டுரைகள் காணப்படும். ஏழு வயதுப் பிள்ளை ஏறத் தொடங்கும் படியும், அவன் தகப்பனார் நிற்கத்தக்க படியும் ஒரே ஏணியில் இருந்தன. பிள்ளைக்கு ஒரு சமயமும் பெரியவருக்கு வேறொரு சமயமுமாக அவர் எழுதவில்லை. பொருள் ஒன்று; அளவு வேறு.

சைவ வினாவிடை நூல்களையும் இவ்விடத்தில் நினைத்தல் வேண்டும். விபூதி, உருத்திராக்கம், ஐந்தெழுத்து, நித்திய கருமம், ஆலய தரிசனம் என்பன வினாவும் விடையுமாக அவற்றிலே முறைப்படுத்தப்பட்டன. வினாவிடை நூலின் சிறப்பு என்னவெனில், அதனைப் படிக்க இருவர் வேண்டும். ஒருவர் கேட்க, மற்றொருவர் சொல்ல வேண்டும். தாய் கேட்டுப் பிள்ளை சொன்னாலும், பிள்ளை கேட்டுப் பாட்டன் சொன்னாலும் இருவரும் கற்பர். விடை சொல்லத் தெரியாது மௌனமான அந்தத் தகப்பனாருக்கு, பிள்ளையின் முன்னே நாணமின்றிக் கற்க ஒரு வழி இதனால் உண்டாயிற்று.

அச்சுக்கூடமும் வீட்டு நூல்களும்

1849இலே தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு தமிழ்நாட்டுக்குப் பிரயாணமானார். அச்சியந்திரம் வாங்கிவருதலே நோக்கம். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கஞ் செய்தார். சாத்திரப் பயிற்சியிலே முதிர்ந்த அந்தப் பழைய மடத்தார், இருபத்தாறு வயது வாலிபரின் நாவன்மையையும் நூலறிவையும் மெச்சி நாவலர் என்னும் பட்டத்தை அளித்தனர். ஆறுமுகம் என்னும் யாழ்ப்பாணத்து இளைஞர் அன்றுமுதல் உலகத்துக்கு நாவலரானார். மூத்தோர் மனமுவந்து கொடுத்த பட்டம் அது. இளையவர் கேட்டு வாங்கியதன்று.

ஊர் திரும்பியபின் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை அமைந்தது. பிற்காலத்திற் சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தினார். அங்கே இருந்து அச்சேறியவை பல. திருக்குறள் பரிமேலழகருரை, திருக்கோவையார் உரை, கந்தபுராணம் முதலியவை புலவர்க்கும் வித்துவான்களுக்கும் உரியன. நமது பொருளுக்கு வேண்டுவது 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனம். சேக்கிழார் சுவாமிகளின் பெருங்காப்பியத்தைப் பாட்டாகப் படித்துப் பொருள் காண்பது கற்றோர்க்கே இயலும். நாவலர் அதனை வசனமாக்கி, நாயன்மார் சரித்திரங்களின் உட்பொருளை விளக்கும் சூசனங்களையும் சேர்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பேரன் விளக்கடியில் இருந்து வாசிக்க, எழுத்தறியாத பாட்டியார் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்கலாம். கண்ணப்பர் கதையைப் பாட்டியார் முன்னரே அறிவார். கதைக்குள்ளே இருக்கும் கருத்தைப் பேரனின் வாயாற் கேட்பார். பேரனோ பாட்டியாரின் கண்ணீரைப் பார்த்து, புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கற்பான்.

கோயில்களிலே புராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்கு உரிய பெருஞ் செல்வம். திருவெம்பாவைக் காலத்திலே திருவாதவூரடிகள் புராணமும், வேறு காலங்களிற் கந்தபுராணமும் பெரியபுராணமும் படிக்கப்படும். ஒருவர் இராகத்தோடு வாசிக்க, வேறொருவர் பயன் சொல்லுவர்; வாசிப்பவர் பெரும்பாலும் இளையவர், பயன் சொல்பவர் முதிர்ந்தவர். இவ்வழக்கத்துக்குப் பிழையற்ற பதிப்புக்களையும், இலக்கணப் பயிற்சியுள்ள வாசகரையும் நாவலருடைய அச்சுக்கூடமும் பள்ளிக்கூடமும் கொடுத்தன. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், வித்தியாசாலைப் பாடம், வீட்டு வாசிப்பு, கோயிற் படனம் என்னும் நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தன. பிள்ளை காலையிற் பள்ளியிலே கற்றதைத் தகப்பனார் மாலையிற் கோயிலிலே கேட்டார்; இருவரும் இரவில் வீட்டிலே பேசுவதற்குப் பொருள் இருந்தது.

1864இலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1872இல் வண்ணார்பண்ணையிலே ஆங்கிலமும் சைவமும் சேர்த்துக் கற்பிக்கும் பாடசாலையொன்றைத் தொடங்கினார். போதிய பொருளின்றி அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. ஆயினும் அந்த எண்ணம் அழியவில்லை. அவர் மறைந்தபின் 1888இலே சைவபரிபாலன சபை தோன்றியது. 1889இலே இந்துசாதனம் என்னும் பத்திரிகை தோன்றியது. 1890இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் பொறுப்பில் வந்தது. அவர் முடிக்காது விட்டதை அவருக்குப் பின்வந்தோர் முடித்தனர்.

கஞ்சித்தொட்டி

1876, 1877ஆம் ஆண்டுகளிலே மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது, பேதிநோயும் பரவியது. நாவலர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பொருள் திரட்டினார். கொழும்பிலிருந்த சைவ வர்த்தகர் முதலியோர் உதவினர். வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தனர். மூன்று தசாப்தங்களாகப் பிரசங்கத்திலே தானம் தானம் என்று கேட்டவர்களுக்கு, கேட்டதைச் செய்துகாட்டும் வேளை அப்போது வந்தது. கூட்டு வழிபாட்டினாலே கூடியவர்கள் ஒரு துன்பம் வந்தபோது கூடி உழைக்கவில்லையாயின், அவர்கள் கூடியது வீண் அன்றோ?

இளையவர்க்கு இடங்கொடுத்தல்

1879ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபையில் தமிழர்க்குரிய இடம், சேர் முத்துக்குமாரசுவாமியின் மறைவினால் வெறிதாயிற்று. அவ்விடத்துக்கு யாரை நியமிக்கவேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது, நாவலர் தம் முழுச் செல்வாக்கையும் பொன்னம்பலம் இராமநாதன் பக்கம் வைத்தார். வண்ணார்பண்ணையிலே கூடிய கூட்டத்தை நடத்தி வைத்தார். இராமநாதனுக்கு அப்போது வயது 28. இருபத்தைந்து வயதிலே பெரியோர் முன் எழுந்து பேச இடம்பெற்ற ஒருவர், தாம் மூத்தவரானபோது அந்த இடத்தை வேறொரு இளையவர்க்குக் கொடுத்தார். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. சேர் இராமநாதன் பின்னாளிலே 1913இற் பெண்களுக்காக மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவிச் சைவக் கல்வியை வளர்த்தார்.

அவ்வாண்டு ஆடிச் சுவாதியிலே, சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தில், தாம் தொடங்கிய வித்தியாசாலையிலேயே நாவலர் தம்முடைய கடைசிப் பிரசங்கத்தைச் செய்தார். 1879 டிசம்பர் 5ஆந் திகதி, கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்திலே, சிவபதம் அடைந்தார். முதற் பிரசங்கம் போலவே அந்நாளும் ஒரு வெள்ளிக்கிழமை.

அவர் காலத்து எல்லை

பெரியோரை வணங்குதல் வேறு, அவர்கள் காலத்துக் குறையைக் காணாதிருத்தல் வேறு. நாவலர் எல்லா வயதினரையும் கூட்டினார்; எல்லாக் குலத்தினரையும் கூட்டவில்லை. தம் காலத்துச் சாதி வரம்பை அவர் ஏற்றுக்கொண்டார்; அதனைத் தம் எழுத்திலும் காத்தார். அந்த வேலியின் புறத்தே நின்றவர்களுக்கு வசந்தமண்டபம் எட்டாத இடமாகவே இருந்தது. அவர் மறைந்து ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டு கழித்து, 1968இலே, மாவிட்டபுரத்திற் கோயிலுக்குள்ளே செல்வதற்காகச் சைவர்களே சைவர்களோடு போராட நேர்ந்தது. கோயில் வாசலிலே தடுக்கப்பட்ட ஒருவருடைய பிள்ளைக்கு எந்தப் பாலபாடமும் நம்பிக்கை ஊட்டாது. அவர் தொடங்கிய கூட்டத்தை நிறைவாக்குதல் பின்வந்த எங்கள் கடன். தந்தையின் நாடகத்தை மகன் முடித்தது போல, நாவலரின் பணியை அவர் நின்ற இடத்திலிருந்து நாங்கள் முன்கொண்டு செல்லவேண்டும்.

நாம் செய்யத்தக்கது

இன்றைய நிலையைச் சிறிது பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைகளிலே அறநெறிப் பாடசாலை நடக்கின்றது. அங்கே சிறுவர் மாத்திரம் இருக்கின்றனர். கோயிலிற் புராணபடனம் நடக்கின்றது. அங்கே முதியோர் சிலர் இருக்கின்றனர். திருவிழாவிலே தொண்டர்களாக வாலிபர் நிற்கின்றனர்; கூட்டத்தை ஒழுங்குசெய்வதோடு அவர்கள் வேலை முடிகின்றது. மூன்றும் நல்லனவே. ஆனால் மூன்றும் மூன்று நாளிலே, மூன்று இடத்திலே நடக்கின்றன. மேலும், 1983க்குப் பின் போரினாற் குடும்பங்கள் சிதறின. பாட்டனார் ஊரிலும், மகன் கொழும்பிலும், பேரர் கடல்கடந்த நாடுகளிலுமாக வாழும் வீடுகள் எம்மிடையே எத்தனையோ உள. விளக்கடியிற் கூடிய அந்தச் சிறு சபை கலைந்துவிட்டது. ஆதலால் வீட்டிலே தானாக நடந்ததைக் கோயிலிலே நாம் முயன்று நடத்தவேண்டியிருக்கின்றது.

அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்தபின் அரைமணி நேரம் போதும். ஒரு சிறுவனோ சிறுமியோ பெரியபுராண வசனத்திலே ஒரு நாயனார் சரித்திரத்தை வாசிக்கட்டும். ஒரு முதியவர் அதன் பயனைச் சொல்லட்டும். ஒரு வாலிபர் தம் மனத்திலுள்ள ஐயத்தை அஞ்சாது கேட்கட்டும். கேள்வியைக் கேட்டுப் பெரியோர் சினவாதிருத்தல் வேண்டும். விடையைக் கேட்டு இளையோர் நகையாதிருத்தல் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அடுத்த வெள்ளிக்குள் நூலைப் பார்த்து வரும் பெரியவர் எவரும் மதிப்பிற் குறைந்துவிடமாட்டார். வந்து இருப்பவர் யாவராயினும் ஒரே பாயிலே இருக்கட்டும்.

சங்க அங்கத்தவர்களே, பெரியோர்களே, கார்த்திகை மகம் ஆண்டுதோறும் வரும். அன்று நாவலர் திருவுருவத்துக்கு மாலை சூட்டுவோம், தீபம் காட்டுவோம். அதனோடு, ஒரு பேரனையும் ஒரு பாட்டனாரையும் ஒரு நூலின் முன்னே சேர்த்து இருத்துவோமாயின், அவருக்கு உவப்பான குருபூசை அதுவேயாகும். அத்தொண்டு எங்கள் சங்கத்திலே தொடங்கித் தழைக்கச் சிவபெருமான் திருவருள் துணைநிற்பதாக.